பள்ளிகொண்டாவிலிருந்து குடியாத்தத்துக்கு இரண்டே கோர்: நாலு பேரை எப்படி ஏற்றுவது?

குடியாத்தத்தில் கேபிள் டிவியும் இன்டர்நெட்டும் நடத்துகிற தம்பி ஒருவர் போன மாதம் ஒரு நோட்டுத்தாளில் கோடு போட்டு எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அவருக்கு மேலிருந்து இணைப்பு வருகிற இடம் பள்ளிகொண்டா, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி. அங்கிருந்து பாலாறு தாண்டி, ரயில் பாதை தாண்டி, டவுனில் இருக்கும் அவருடைய கன்ட்ரோல் ரூம் வரைக்கும் வாடகைக்கு எடுத்த இரண்டு கோர், அதாவது ஃபைபர் கேபிளுக்குள் ஓடும் இரண்டு கண்ணாடி இழை. வழியில் சுருட்டி விட்டதெல்லாம் சேர்த்துக் கேபிள் நீளம் 16 கி.மீ. இத்தனை வருஷமாக அதில் ஓடியது ஒரே ஒரு 1ஜி (நொடிக்கு ஒரு கிகாபிட்) லிங்க்தான். ஒரு கோர் போக, ஒரு கோர் வர.

இப்போது நாலு பேர் வரிசையில் நிற்கிறார்கள். அவருடைய இன்டர்நெட்டையே 10ஜி ஆக்கியாக வேண்டும். டிவி சிக்னலும் இனி அதே வழியில்தான் வரப்போகிறது. பேரணாம்பட்டுப் பக்கம் தொழில் செய்யும் இன்னொரு ஆபரேட்டர் தனக்கும் ஒரு 10ஜி கேட்கிறார். நாலாவது ஒரு தீப்பெட்டிக் கம்பெனி. குடோன் பள்ளிகொண்டாவில், ஃபேக்டரி குடியாத்தத்தில். நடுவே கேமராவும் கணக்கு சாஃப்ட்வேரும் ஓட ஒரு தனி லைன் வேண்டுமாம். குட்டி சிவகாசி என்று பேர் வாங்கிய ஊரில் இப்படி ஒரு வாடிக்கையாளர் வராவிட்டால்தான் ஆச்சரியம்.

"இன்னாண்ணா பண்றது? ரெண்டு கோர்ல நாலு பேர் எப்டிண்ணா போவாங்க?"

போகலாம். வழியும் ஒன்றல்ல, நாலைந்து. ஆனால் கடையில் போய்க் கேட்டால் எந்தப் பெட்டியில் அதிகம் அடைக்கலாம் என்றுதான் சொல்வார்கள். தம்பிக்கு வேண்டிய கேள்வி அது இல்லை. ஒருத்தர் வீட்டுச் சண்டை இன்னொருத்தர் வீட்டுக்குள் வரலாமா என்பதுதான் கேள்வி. எதை எதோடு சேர்ப்பது என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்தோம்.

ஒரே வழியைப் பல பேர் பகிர்ந்துகொள்வதற்குப் பெயர் மல்டிபிளெக்ஸிங். வட ஆற்காட்டுக்காரர்களுக்கு அதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. பங்குக் கிணறு பார்த்தவர்கள்தானே. தாத்தா வெட்டிய கிணறு, மூன்று பிள்ளைகள், ஆளுக்கு ஒரு நாள் முறை. கிணறு ஒன்று, வாய்க்கால் ஒன்று, நேரம்தான் பங்கு. இதையே தந்தியில் செய்து காட்டியவர் பிரான்ஸ் நாட்டு எமில் போதோ; 1870களில். ஒரே கம்பியைப் பல ஆபரேட்டர்களுக்குச் சுழன்று சுழன்று முறை விட்டது அவருடைய கருவி. பிறகு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் முழுக்க இந்த முறைதான். ஒரு குரலை நொடிக்கு 8,000 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டாக எழுதினால் 64 கிலோபிட். அப்படி 32 அறைகளை வரிசையாக அடுக்கினால் 2.048 மெகாபிட், அதுதான் ஈ1. அதில் 30 அறை பேச்சுக்கு. ஆபீஸ்களில் 'பிஆர்ஐ லைன், முப்பது சேனல்' என்று சொல்கிறோமே, அந்த முப்பது இங்கிருந்து வந்தது.

முறைப்படி பாய்ச்சுவதில் வம்பு கிடையாது, ஆனால் வீண் உண்டு. முறைக்காரர் அன்றைக்கு மருமகள் வளைகாப்புக்குப் போய்விட்டால் மோட்டார் சும்மாதான் கிடக்கும். ஈ1 லைனிலும் பேசுகிறவர் மூச்சு விட நிறுத்தினாலும் அவர் அறை அவருக்கே. இன்டர்நெட் இதை மாற்றிவிட்டது. யாருடைய பயிர் காய்கிறதோ அவர் இப்போது பாய்ச்சிக்கொள்ளட்டும், இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் வேண்டும் என்றால் ஒருத்தர் கொஞ்சம் காத்திருக்கட்டும். நெட்வொர்க் ஸ்விட்ச் என்கிற பெட்டி செய்வது இதைத்தான். பாக்கெட், அதாவது டேட்டாவின் ஒவ்வொரு துண்டும், வந்த வரிசையில் லைனில் ஏறும். கூட்டம் அதிகமானால் க்யூவில் நிற்கும். க்யூவும் நிறைந்தால் கீழே விழும். புள்ளியியல் பகிர்வு என்று புத்தகத்தில் பெயர். வீண் குறைகிறது, வம்பு கூடுகிறது.

நேரத்தைப் பங்கு போடாமல் அலைவரிசையைப் பங்கு போடுவது அடுத்த வகை. கேபிள் டிவிக்காரருக்கு இது கைவந்த கலை. ஒரே கோஆக்ஸ் வயரில் ஒவ்வொரு சேனலுக்கும் 7 அல்லது 8 மெகாஹெர்ட்ஸ் ஒதுக்கி, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் ஓரத்தில் கொஞ்சம் வரப்பு விட்டு, வீட்டு டிவியில் வேண்டியதை மட்டும் பிடித்துக்கொள்வோம். இதையே ஒளியில் செய்தால் அலைநீளப் பகிர்வு. ஒவ்வொரு சிக்னலுக்கும் ஒரு நிறம் என்று சொல்லலாம். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு நிறங்கள்தான், ஆனாலும் நிறம் நிறம்தான். பள்ளிகொண்டாவில் சேர்த்து விடுகிற பெட்டி, குடியாத்தத்தில் பிரித்துக் கொடுக்கிற பெட்டி. நடுவில் இழை ஒன்று.

தம்பி இவற்றையெல்லாம் தெரியாமலே ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறார் என்பது தனி வேடிக்கை. அவர் வீடுகளுக்குக் கொடுக்கும் ஜிபான் என்கிற ஃபைபர் இணைப்பில் இறங்குவது 1490 நானோமீட்டர், ஏறுவது 1310. ஒரே இழையில் இரண்டு நிறம். இறங்கும் 2.5 கிகாபிட்டை ஒளியைப் பல கிளையாகப் பிரிக்கும் ஒரு ஸ்ப்ளிட்டர் வழியாக 32 வீடு, 64 வீடு பகிர்ந்துகொள்ளும். ஏறும்போது எந்த வீட்டு மோடம் எப்போது பேசலாம் என்று கன்ட்ரோல் ரூமில் இருக்கும் ஓஎல்டி பெட்டி முறை விடுகிறது. கிணற்று முறையேதான், முறை மட்டும் மைக்ரோநொடிக் கணக்கில். டிவி சிக்னலோ 1550இல் தனியாக இறங்கும். அந்த டிவி சிக்னலுக்குள் 8 மெகாஹெர்ட்ஸ் அறைகள். டிஜிட்டல் ஆன பிறகு ஒவ்வோர் அறையிலும் சுமார் 50 மெகாபிட், அதற்குள் ஒரு டஜன் சேனல்கள் பாக்கெட் பாக்கெட்டாக இடம் பகிர்ந்து போகின்றன. நிறத்துக்குள் அலைவரிசை, அலைவரிசைக்குள் நேரம். பெட்டிக்குள் பெட்டி.

சரி, இப்போது தேர்வுக்கு வருவோம்.

முதலில் எல்லோர் வாயிலும் வருவது, "புதுக் கேபிள் இழுத்துடலாம்". 24 கோர் இழுத்துவிட்டால் ஆளுக்கு ஒரு ஜோடி, ஒருத்தர் முகத்தில் ஒருத்தர் விழிக்க வேண்டாம். கேபிளின் விலை இதில் பெரிய விஷயமே இல்லை, வழிதான் விலை. ரயில் பாதையைத் தாண்ட ஒரு அனுமதி, ஆற்றுப் பாலத்துக்கு ஒன்று, ரோடு ஓரத்துக்கு ஒன்று, கம்பத்துக்கு வாடகை. நம் ஊரைப் பற்றித் 'தண்ணியில்லாத ஆறு' என்று கேலி செய்வார்கள். 2021 நவம்பரில் அந்த ஆறு கரை புரண்டதைப் பார்த்த பிறகு பாலத்துக் கைப்பிடியில் கேபிளைக் கட்டித் தொங்கவிடுகிற யோசனையை நான் விட்டுவிட்டேன். என்றைக்காவது இழுத்தே ஆக வேண்டும் என்றால் ஆறு கோர் பன்னிரண்டு கோர் என்று கஞ்சத்தனம் பண்ணாதீர்கள். கூலியும் அனுமதியும் 6 கோருக்கும் 48 கோருக்கும் ஒன்றேதான். ஆனால் இன்றைக்கு, நாலு பேருக்காக, வேண்டாம்.

அடுத்தது ஆகக் குறைந்த செலவு. இரண்டு முனையிலும் 10ஜி போர்ட் உள்ள ஸ்விட்ச், நாலு பேருக்கும் நாலு விலான். ஒவ்வொரு பாக்கெட்டின் தலையிலும் ஓர் எண் ஒட்டி அனுப்பி, அந்த முனையில் எண்ணைப் பார்த்துப் பிரித்துக்கொள்வது. எண்களுக்குப் பஞ்சமில்லை, 4,094 வரை வைத்துக்கொள்ளலாம். இதன் அழகு, உச்ச நேரங்கள் ஒத்துப்போகாததில் இருக்கிறது. தீப்பெட்டிக் கம்பெனியின் வேலை காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஆறு வரை. வீடுகளின் கூட்டம் ராத்திரி எட்டுக்குத்தான் ஆரம்பிக்கும், ஐபிஎல் இருந்தால் சொல்லவே வேண்டாம். தனித்தனியாகக் கொடுத்தால் வீணாகிற இடம் இங்கே மற்றவருக்குப் பயன்படுகிறது.

தீப்பெட்டிக் கம்பெனிக்கு இதுதான் சரி. அதற்கென்று ஒரு நிறத்தையே ஒதுக்குவது ஒரு மூட்டை தீப்பெட்டிக்கு ஒரு லாரி பிடிப்பது மாதிரி. ஒரு விலான், அதற்கு ஓர் உச்சவரம்பு, முன்னுரிமை கொஞ்சம். முடிந்தது.

இன்னொரு ஆபரேட்டரை இதில் ஏற்றலாமா? இங்கேதான் நான் கையை உயர்த்தினேன். சில வருஷங்களுக்கு முன் வேறொரு ஊரில் (ஊர் எதற்கு) ஒரே ஸ்விட்சில் மூன்று பேரை விலான் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தோம். ஒரு நாள் ராத்திரி ஒருவருடைய பையன் பேட்ச் கார்டு என்கிற சின்ன வயரின் இரண்டு முனையையும் ஒரே ஸ்விட்சில் சொருகிவிட்டான். சுற்றிச் சுற்றி வந்த பாக்கெட் வெள்ளத்தில் அவருடைய ஆட்கள் மட்டுமல்ல, மூன்று பேருடைய வாடிக்கையாளர்களும் இருட்டில். விலான் தனித்தனிதான், ஆனால் அந்த ஸ்விட்சின் மூளை ஒன்று, போர்ட் ஒன்று, க்யூ ஒன்று. இப்படி வெள்ளம் வந்தால் தடுக்க ஸ்டார்ம் கன்ட்ரோல் என்று ஓர் அமைப்பு அதில் இருந்தது. ஆன் செய்து வைக்காதது என் தப்பு. ஆனால் அதற்குப் பிறகு இரண்டு மாதம் "உன்னாலதான் என் ஸ்பீடு போச்சு" என்ற பஞ்சாயத்து ஓயவில்லை. உண்மையிலேயே வேகம் குறைந்ததா, சந்தேகமா என்பதை யாராலும் நிரூபிக்க முடியவில்லை. பகிர்ந்த க்யூவில் அதுதான் தொல்லை: குற்றம் யாருடையது என்று காட்ட முடியாது.

போட்டியாளரோ கூட்டாளியோ, தன் வாடிக்கையாளருக்குத் தானே பதில் சொல்ல வேண்டிய ஒருவருக்கு நிறம் கொடுங்கள், எண் கொடுக்காதீர்கள். ஒளிக்கு உள்ளே என்ன ஓடுகிறது என்ற கவலை இல்லை. அவர் 1ஜி ஓட்டினாலும் 10ஜி ஓட்டினாலும், அந்தப் பையன் மாதிரி வயரைச் சுற்றிச் சொருகித் தவித்தாலும், அது அவர் நிறத்தோடு நின்றுவிடும். வாடகை பேசுவதும் சுலபம்: ஒரு நிறம், மாதம் இவ்வளவு. (கோரை வாடகைக்குக் கொடுத்தவரின் ஒப்பந்தம் இதை அனுமதிக்கிறதா, இருவருடைய உரிமமும் இடம் கொடுக்கிறதா என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும்.)

நிறம் என்று முடிவான பின் எந்த மாதிரி நிறம்? மூன்று படி இருக்கிறது.

மேல் படி டிடபிள்யுடிஎம், நிறங்களை நெருக்கி அடுக்குவது. 1550ஐச் சுற்றியுள்ள பட்டையில் 0.8 நானோமீட்டர் இடைவெளியில் நாற்பது நிறங்கள். இன்னும் நெருக்கினால் எண்பது. நெடுந்தூரத்துக்கு வேறு வழியே கிடையாது, ஏனென்றால் எர்பியம் கலந்த இழை ஆம்ப்ளிஃபயர் அத்தனை நிறத்தையும் பிரிக்காமல் ஒரே மூச்சில் பெருக்கிக் கொடுக்கும். 1987இல் அந்த ஆம்ப்ளிஃபயர் வந்த பிறகுதான் கடலடி கேபிள்களின் கதையே மாறியது. ஆனால் 16 கி.மீ.க்கு ஆம்ப்ளிஃபயர் எதற்கு? அதோடு நம் ஊர் வெயில். லேசர் ஒரு டிகிரி சூடானால் அதன் நிறம் சுமார் 0.1 நானோமீட்டர் நகரும். எட்டு டிகிரி ஏறினால் பக்கத்து வீட்டு வாசலில் நிற்கும். அதனால் டிடபிள்யுடிஎம் லேசரை எப்போதும் ஒரே சூட்டில் வைத்திருக்க உள்ளேயே ஒரு குளிர்விப்பான் உண்டு. அதற்குக் கரண்டும் விலையும் கூட. கத்திரி வெயிலில் ஏசி நின்றுபோன அறைக்குள் ஒருமுறை நுழைந்து பார்த்தால் தெரியும், அந்தக் குளிர்விப்பான் எப்படித் திணறும் என்று.

நடுப் படி சிடபிள்யுடிஎம். இதில் நிறங்களுக்கு நடுவே 20 நானோமீட்டர் தாராள இடைவெளி. 1271இலிருந்து 1611 வரை மொத்தம் 18. ஒவ்வொரு நிறத்துக்கும் ஏறக்குறைய 13 நானோமீட்டர் அகலத்துக்கு வாசல் திறந்திருக்கும். லேசர் இருக்கும் மாட்யூல் 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போனாலும் நகர்வது 4 நானோமீட்டர்தான், வாசலுக்குள்ளேயே நிற்கும். குளிர்விப்பான் வேண்டாம். சேர்க்கும் பெட்டிக்குக் கரண்டே வேண்டாம், வெறும் கண்ணாடியும் ஃபில்டரும்தான். மின்வெட்டு அடிக்கடி வருகிற இடத்தில் இதை நான் பெரிதாக மதிக்கிறேன். எட்டு நிறப் பெட்டி ஒரு ஜோடியை இரண்டு கோரிலும் போட்டால் எட்டு தனித்தனி லிங்க். ஒரே கோரில் போட்டால் நாலு.

குறை இல்லாமல் இல்லை. பெட்டி ஒவ்வொன்றும் ஒளியில் ஒன்றரையிலிருந்து இரண்டரை டெசிபல் வரை தின்னும். பழைய இழையாக இருந்தால் 1383ஐ ஒட்டி ஒளியை உறிஞ்சும் ஒரு மேடு இருக்கும். தயாரிக்கும்போது கண்ணாடிக்குள் தங்கிவிட்ட ஈரத்தின் வேலை. கேபிள் தோலில் ஜி.652.டி என்று அச்சடித்திருந்தால் அது அந்த மேடு நீக்கிய வகை, பயமில்லை. வெறும் ஜி.652 என்றால் 1371, 1391, 1411 மூன்றையும் தொடாமல் 1471க்கு மேல் போங்கள். கடைசியாக, ஸ்பேர். எட்டு நிறம் என்றால் எட்டு விதமான மாட்யூல் அலமாரியில் இருக்க வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு 1531 போய்விட்டால் 1551ஐச் சொருகிச் சமாளிக்க முடியாது.

கீழ்ப் படியைத்தான் கடைக்காரர்கள் அதிகம் சொல்வதில்லை, ஏனென்றால் அதில் விற்க ஒன்றும் இல்லை. பைடி மாட்யூல். போக 1270, வர 1330. இரண்டும் ஒரே கோரில். பெட்டியே வேண்டாம், பிரிக்கும் ஃபில்டர் மாட்யூலுக்குள்ளேயே இருக்கிறது. தம்பியின் இரண்டு கோர் அந்த நிமிஷமே இரண்டு 10ஜி லிங்க் ஆகிவிடும். ஒரே எச்சரிக்கை, இது ஜோடியாக வரும்: ஒரு முனையில் 1270 அனுப்புவது, மறுமுனையில் 1330 அனுப்புவது. ஒருமுறை பள்ளிகொண்டா வரை வண்டியில் போய், பையைத் திறந்தால் அங்கே வைக்க வேண்டியதற்குப் பதில் இங்கே வைத்ததன் இரட்டைப்பிறவி. அன்றிலிருந்து மாட்யூலில் மார்க்கரால் 'ப', 'கு' என்று எழுதிவிடுகிறேன்.

டிவிக்கு என்ன வழி என்றால், அது எந்த வடிவில் வருகிறது என்பதைப் பொறுத்தது. ஐபி மல்டிகாஸ்டாக, அதாவது பாக்கெட்டாகவே வந்தால் ஸ்விட்சிலேயே ஏறிவிடும், முன்னுரிமை மட்டும் கொடுத்தால் போதும். தம்பிக்கு வருவது பழைய மாதிரி ஆர்எஃப், அதாவது அந்த மெகாஹெர்ட்ஸ் அறைகளாகவே, 1550 டிரான்ஸ்மிட்டரில். அதை ஸ்விட்சுக்குள் தள்ள முடியாது, தனி நிறம்தான் வேண்டும். நல்ல வேளையாக 1310, 1550 என்று இரண்டு பட்டையையும் பிரிக்கும் சின்ன ஃபில்டர் ஒன்று உண்டு. பைடியின் 1270, 1330 இரண்டுமே 1310 பட்டைக்குள் அடங்கும். ஆக ஒரே கோரில் 10ஜியும் போகும், டிவியும் இறங்கும்.

தாளில் இப்படி எழுதினோம். முதல் கோரில் பைடி 10ஜி. அதில் தம்பியின் இன்டர்நெட்டும் தீப்பெட்டிக் கம்பெனியும் இரண்டு விலானாக, இந்த முறை ஸ்டார்ம் கன்ட்ரோல் ஆன் செய்து. இரண்டாம் கோரில் ஃபில்டர் போட்டு, 1310 பட்டை இன்னொரு ஆபரேட்டருக்கு, 1550 டிவிக்கு. சிடபிள்யுடிஎம் பெட்டி இப்போதைக்கு வாங்கவில்லை. இன்னும் இரண்டு மூன்று பேர் வந்து கேட்டால் அன்றைக்கு வாங்கலாம். 1310க்கு என்று தனியாக ஒரு வாசல் வைத்த பெட்டியாகப் பார்த்து வாங்கினால் ஓடிக்கொண்டிருக்கும் பைடியையும் அப்படியே அதற்குள் சொருகிவிடலாம்.

மாட்யூல் எது வாங்குவது என்பதில்தான் தம்பிக்கும் எனக்கும் கொஞ்சம் இழுபறி. 16 கி.மீ.தானே, 20 கி.மீ. மாட்யூல் போதும் என்றார். கணக்குப் போட்டுக் காட்டினேன். 1310 பட்டையில் கி.மீ.க்கு 0.35 டெசிபல், ஆக 5.6. எட்டு ஜாயின்ட்டுக்கு 0.8. நாலு கனெக்டருக்கு 2. ஃபில்டர் ஜோடிக்கு ஒன்று ஒன்றரை. பத்தை நெருங்கிவிட்டது. 20 கி.மீ. மாட்யூல் தாங்குவதே ஏறக்குறைய அவ்வளவுதான். நாளைக்கு ஒரு லாரி கேபிளைப் பிய்த்து, புதிதாக இரண்டு ஜாயின்ட் விழுந்தால் லிங்க் வரும், போகும், வரும். 40 கி.மீ. மாட்யூல் எடுக்கச் சொன்னேன். அதற்காக 80க்குத் தாவவும் கூடாது: அவ்வளவு பலமான ஒளியைப் பக்கத்தில் வைத்து அடித்தால் வாங்கும் பக்கம் திணறும், கெட்டும் போகும், பிறகு அட்டெனுவேட்டர் போட்டு நாமே அதைக் குறைக்க வேண்டி வரும்.

எல்லாம் முடிந்து தாளை மடிக்கும்போது ஒன்று கேட்டேன். நாலு பேரும் இப்போது இந்த ஒரு கேபிளில் இருக்கிறார்கள். ஜேசிபிக்காரன் ஒருத்தன் பள்ளிகொண்டா ரோட்டில் ஒரு கை மண் அள்ளினால் நாலு பேரும் போச்சு. இரண்டாம் கோர் மாற்று வழி ஆகாது, அது அதே தோலுக்குள் இருக்கிறது. முன்பு ஒரு லிங்க் அறுந்தால் ஒரு போன் வரும். இனி நாலு பக்கமிருந்தும் வரும். சிடபிள்யுடிஎம் வாங்காமல் மிச்சம் பிடித்த காசை எங்கே போடலாம்?

தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் காட்பாடி, லத்தேரி, கே.வி. குப்பம், குடியாத்தம் என்று நாலு புள்ளி வைத்துக் கோடு இழுத்தார்.

"இந்தப் பக்கம் பாலாறு தாண்ட வேணாம்ல அண்ணா?"

வரும் ஞாயிற்றுக்கிழமை அந்த வழியில் கம்பம் எண்ணப் போகிறோம்.